சேலத்துப் பிள்ளைகளுக்கு என்.சி.சி.: எது கிடைக்கும், எங்கே சறுக்கும்

கல்லூரி திறந்த சில வாரங்களில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டுவார்கள். என்.சி.சி.யில் (தேசிய மாணவர் படை) சேர விருப்பமுள்ள முதலாமாண்டு மாணவர்கள் காலையில் மைதானத்துக்கு வரவும். உயரம், எடை பார்ப்பார்கள், ஓடச் சொல்வார்கள், நாலு கேள்வி கேட்பார்கள். அரை நாளில் எல்லாம் முடிந்துவிடும். அந்த அரை நாளில் பிள்ளை போடும் கையெழுத்து மூன்று வருடத்துக்கானது என்பது பல வீடுகளில் தெரிவதே இல்லை. பள்ளியில் சேர்ந்தால் இரண்டு வருடம்.

எங்கள் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பாடத்திட்டமும் விதிமுறையும் நன்றாக யோசித்து அமைக்கப்பட்டவை. கட்டணம் கிடையாது. கேம்ப் சாப்பாட்டையும் போக்குவரத்தையும் அரசே பார்த்துக்கொள்கிறது. இத்தனை விஷயங்களை இவ்வளவு ஒழுங்காக, காசு வாங்காமல் சொல்லித்தரும் வேறு பயிற்சி சேலத்தில் இல்லை. ஆனால் அதே பயிற்சி ஒரு கல்லூரியில் பிள்ளையை ஆளாக்குகிறது, பக்கத்துக் கல்லூரியில் ஆண்டு விழாவுக்கு நாற்காலி தூக்க வைக்கிறது. வித்தியாசம் மூன்று இடத்தில் இருக்கிறது: பொறுப்பு ஆசிரியர், வருகைப் பதிவேடு, பூட்ஸ்.

சட்டப்படி இது என்ன என்பதில் குழப்பம் வேண்டாம். 1948-ஆம் ஆண்டு என்.சி.சி. சட்டத்தின் கீழ் வந்த அமைப்பு இது. 1962 போருக்குப் பிறகு 1963-இல் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டாயமாக்கினார்கள். 1968-இல் மறுபடியும் விருப்பப் பயிற்சி ஆனது, இன்றும் அப்படித்தான். கேடட் (என்.சி.சி. மாணவர்) ஆனதால் ராணுவத்தில் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற கடமை எதுவும் இல்லை. 'புள்ளைய பட்டாளத்துக்கு இழுத்துட்டுப் போயிருவாங்க' என்று இன்னமும் பயப்படும் பாட்டிகளுக்கு இதைத் தெளிவாகச் சொல்லலாம்.

சேரும் வருடம்தான் முதல் கணக்கு. பள்ளிப் பிரிவில் இரண்டு வருடப் பயிற்சி, ஒரு பத்து நாள் கேம்ப், 75 சதவீத வருகை, இவை இருந்தால் 'ஏ' சான்றிதழ் தேர்வு எழுதலாம். தேர்வு பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் வரும். ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைக்கு அது பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் வாசலில் வந்து நிற்கும். செய்முறைத் தேர்வு, திருப்புதல் தேர்வு, நடுவில் டிரில் டெஸ்ட் என்று பிள்ளை திணறும். எட்டாம் வகுப்பிலேயே சேர்க்கும் பள்ளியாக இருந்தால் எட்டிலேயே சேர்த்துவிடுங்கள். ஒன்பது முடியும்போது 'ஏ' கையில் இருக்கும்.

கல்லூரியில் 'பி' சான்றிதழுக்கு இரண்டு வருடமும் ஒரு கேம்ப்பும் வேண்டும். 'சி'-க்கு மூன்று வருடம், மொத்தம் இரண்டு கேம்ப், கையில் 'பி'. பி.எஸ்சி., பி.காம். மாதிரி மூன்று வருடப் படிப்பில் முதல் வருடமே சேராவிட்டால் படித்து முடிப்பதற்குள் 'சி' எட்டாது. இரண்டாம் வருடம் ஆசைப்பட்டு வரும் பிள்ளையிடம் இதைச் சொல்லாமல் சேர்த்துக்கொள்ளும் நிறுவனங்கள் உண்டு. பொறியியலில் நான்கு வருடம் என்பதால் ஒரு வருடம் கையிருப்பு இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் என்.சி.சி.க்குத் தனிக் கிரெடிட் பாடம் வைத்திருக்கிறார்கள். கிரேடு மதிப்பெண் பட்டியலில் ஏறும், சி.ஜி.பி.ஏ. (மொத்தக் கிரேடு சராசரி) கணக்கில் சேராது. அதை நம்பி சி.ஜி.பி.ஏ. கூடும் என்று கணக்குப் போட வேண்டாம்.

இனி பொறுப்பு ஆசிரியர். கேடட்டுகள் ஏ.என்.ஓ. என்று சொல்வது இவரைத்தான். அதே நிறுவனத்தில் பாடம் நடத்தும் ஆசிரியர் பயிற்சிக்குப் போய்வந்து பொறுப்பை ஏற்கிறார். ஆண்களுக்கு நாக்பூர் பக்கத்துக் காம்ப்டியிலும் பெண்களுக்கு குவாலியரிலும் அந்தப் பயிற்சி நடக்கும். கல்லூரியில் என்றால் லெப்டினன்ட்டில் தொடங்கி கேப்டன், மேஜர் என்று ஏறுவார். பள்ளியில் மூன்றாம் அதிகாரியில் தொடங்குவார். பயிற்சிக்குப் போகாத ஆசிரியர் பொறுப்பில் இருந்தால் அவர் கேர்டேக்கர். கேர்டேக்கர் என்றாலே மட்டம் என்று அர்த்தம் இல்லை. ஆனால் வருடக்கணக்கில் கேர்டேக்கரை வைத்தே ஓட்டும் இடத்தில் பரேடு பெயருக்கு நடக்கும். சேருவதற்கு முன் மூத்த கேடட் யாரையாவது பிடித்து மூன்று விஷயம் கேளுங்கள். போன வருடம் எத்தனை பேர் 'சி' எழுதினார்கள்? எத்தனை பேர் உண்மையில் துப்பாக்கி சுட்டார்கள்? பரேடு எந்தக் கிழமை, கடைசியாக எப்போது நடந்தது? மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்ல மூத்த கேடட் யோசித்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

75 சதவீதம் என்ற வார்த்தையைப் பிள்ளைகள் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். கல்லூரி வகுப்பு வருகை வேறு, பரேடு வருகை வேறு. வகுப்பில் 90 இருந்தாலும் பரேடில் 60 என்றால் தேர்வுப் பட்டியலில் பெயர் வராது. பேருந்தில் வரும் பிள்ளைகளுக்குத்தான் இது அடி. ஓமலூர், வாழப்பாடி, சங்ககிரியிலிருந்து காலை 6.30 பரேடுக்கு வர வேண்டுமென்றால் விடியுமுன்னே பஸ் ஏற வேண்டும். மாலை பரேடு இருக்கும் கல்லூரியா, சனிக்கிழமை நடத்துகிறார்களா என்று முதலிலேயே பார்ப்பது நல்லது. பரேடு நாளில் விளையாட்டுப் போட்டிக்கோ கருத்தரங்குக்கோ போனால் ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதத்தின் நகலை ஏ.என்.ஓ.விடமும் கொடுத்து, பதிவேட்டில் எப்படிக் குறித்தார் என்று அப்போதே பாருங்கள். ஜனவரியில் போய்க் கேட்டால் ஒன்றும் நடக்காது.

மைதானத்துக்கு வருவோம். கட்டளை எல்லாம் இந்தியில். சாவ்தான் (நேராக நில்), விஷ்ராம் (தளர்ந்து நில்), தாஹினே முட் (வலப்பக்கம் திரும்பு), பாயேன் முட் (இடப்பக்கம் திரும்பு), பீச்சே முட் (பின்பக்கம் திரும்பு), தேஸ் சல் (வேகமாக நட), தம் (நில்). தமிழ்ப் பிள்ளைகள் முதல் இரண்டு வாரம் பக்கத்திலிருப்பவரைப் பார்த்துத் திரும்புகிறார்கள். பார்த்துத் திரும்பினால் அரை நொடி பிந்தும், வரிசையே அலை மாதிரி தெரியும். ஒரு கட்டளையில் எச்சரிக்கைப் பகுதி, செயல் பகுதி என இரண்டு உண்டு. 'தேஸ்' என்று இழுப்பது தயாராவதற்கு, 'சல்' என்று வெட்டுவது இடது காலை எடுப்பதற்கு. அர்த்தத்தை மனப்பாடம் செய்வதைவிட இந்த இரண்டு ஓசையைக் காதில் ஏற்றிக்கொண்டால் போதும்.

சாவ்தானில் குதிகால்கள் ஒட்டியிருக்கும், பாதங்களுக்கு நடுவில் 30 டிகிரி. விஷ்ராமில் கால்களுக்கு நடுவில் 12 அங்குலம். தேஸ் சல்லில் ஒரு காலடி 30 அங்குலம், நிமிடத்துக்கு 120 காலடி. கணக்கு 'ஏக், தோ தீன், ஏக்' (ஒன்று, இரண்டு மூன்று, ஒன்று) என்று ஓடும். ஒரு அசைவு, நடுவில் இரண்டு எண்ணும் நேரம் நிறுத்தம், அடுத்த அசைவு. புதுக் கேடட் தவறுவது இந்த நிறுத்தத்தில். அவசரப்பட்டு 'தோ தீன்'-ஐ விழுங்கிவிடுவார். திரும்புவதில் வரும் தவறும் ஒன்றேதான். தாஹினே முட்டில் வலது குதிகாலிலும் இடது முன்பாதத்திலும் சுழல வேண்டும். எடையை இரண்டு காலிலும் சமமாக வைத்துக்கொண்டு சுழல நினைத்தால் இடுப்பு முதலில் திரும்பி, தோள் பின்னால் வரும். எடையை வலது குதிகாலுக்கு மாற்றிச் சுழற்றினால் முழு உடம்பும் ஒன்றாகத் திரும்பும். வீட்டில் மொசைக் தரையில் சாக்ஸ் போட்டுக்கொண்டு தினம் இருபது முறை பழகினால் ஒரு வாரத்தில் வந்துவிடும்.

சேலம் வெயிலில் மயங்கி விழுவது அடிக்கடி நடக்கும். குடியரசு தின ஒத்திகை என்றால் ஜனவரிக் குளிர் காப்பாற்றும். சுதந்திர தினத்துக்கு அது இல்லை. காரணம் வெயில் மட்டுமில்லை. முழங்காலைப் பின்னுக்குப் பூட்டிக்கொண்டு அசையாமல் நின்றால் காலில் இறங்கிய ரத்தம் மேலே ஏறாது, தலை கிறுகிறுக்கும். முழங்காலைத் துளி தளர்த்தி, பூட்ஸுக்குள் கால்விரலை மட்டும் மடக்கி நீட்டிக்கொண்டே நிற்க வேண்டும். வெளியே தெரியாது. வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைதான் முதலில் விழும். இரண்டு இட்லியும் ஒரு சொம்புத் தண்ணீரும் உள்ளே போன பிறகு பரேடுக்கு அனுப்புங்கள். கண் இருட்டினால் வீரம் காட்டாமல் உட்கார்ந்துவிட வேண்டும் என்றும் சொல்லி அனுப்புங்கள். நின்றபடி விழுந்து மோவாய் கிழிவதைவிட அது எவ்வளவோ மேல்.

உடைக்கு வருவோம். உடைப் படியை கேடட்டின் வங்கிக் கணக்கில் போடும் முறை வந்த பிறகு பல பேர் துணி எடுத்துத் தைப்பதும் பூட்ஸ் வாங்குவதும் சொந்தப் பொறுப்பாகிவிட்டது. காக்கியில் பல சாயல் உண்டு. சட்டையை ஒரு கடையிலும் பேண்ட்டை இன்னொரு கடையிலும் எடுத்தால் வெயிலில் நிற்கும்போது இரண்டும் வேறு நிறமாகத் தெரியும். ஒரே கடையில், ஒரே கட்டிலிருந்து, சட்டைக்கும் பேண்ட்டுக்கும் சேர்த்து வெட்டச் சொல்லுங்கள். முழுப் பருத்தி வேண்டாம், பரேடு தொடங்கும்போதே கசங்கிவிடும். முழுப் பாலியஸ்டரும் வேண்டாம், வியர்வை வெளியேறாது. கலப்புத் துணிதான் சரி. தையற்காரரிடம் இடுப்பில் இரண்டு அங்குலம் உள்ளே மடித்துவிடச் சொல்வது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அவசியம்.

பெரே தொப்பி புதிதாக இருக்கும்போது தோசை மாதிரி தட்டையாக உட்காரும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, ஈரத்தோடு தலையில் வைத்து, விளிம்பு புருவத்துக்கு ஒரு அங்குலம் மேலே நேராக நிற்கும்படி சரிசெய்து, மீதித் துணியை வலது காது பக்கம் இழுத்துப் படிய வைக்க வேண்டும். முக்கால் மணி நேரம் அப்படியே இருந்துவிட்டுக் கழற்றி நிழலில் காயவைத்தால் வடிவம் நிற்கும். பேட்ஜும் சிவப்பு ஹேக்கிளும் (இறகுக் குஞ்சம்) இடது கண்ணுக்கு நேர் மேலே.

பூட்ஸ்தான் பணமும் பாதமும் போகிற இடம். பரேடு பூட்ஸை மாலையில் வாங்குங்கள், நாள் முழுக்க நடந்து பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரம் அது. பரேடில் போடப்போகும் தடிமனான சாக்ஸைப் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள். நின்ற நிலையில் பெருவிரலுக்கு முன்னால் அரை விரல் இடம் வேண்டும். குதிகால் தூக்கும்போது பின்பக்கம் வழுக்கவே கூடாது. கடைக்காரர் 'போகப் போக லூசாயிரும்' என்பார். அகலத்தில் கொஞ்சம் தளரும், நீளத்தில் தளராது. விரல் இடித்தால் இடித்ததுதான். மூன்று மாதத்தில் பெருவிரல் நகம் கறுத்துப்போகும்.

வாங்கிய அன்றே நான்கு மணி நேரப் பரேடுக்குப் போட்டுப்போனால் குதிகாலில் கொப்புளம் நிச்சயம். முதல் வாரம் வீட்டில் தினம் அரை மணி, இரண்டாம் வாரம் ஒரு மணி. உள்ளே மெல்லிய பருத்தி சாக்ஸ், மேலே தடிமன் சாக்ஸ் என்று இரண்டு போட்டால் உராய்வு சாக்ஸுக்கும் சாக்ஸுக்கும் நடுவில் நடக்கும், தோல் தப்பிக்கும். எரிச்சல் தொடங்கிய இடத்தில் கொப்புளம் வருவதற்கு முன்பே மருந்துக்கடை டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்ட வேண்டும். வந்த பிறகு ஒட்டினால் டேப்போடு தோலும் வரும்.

பளபளப்பு ஒரு நாளில் வராது. தூசு தட்டி, ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த பிறகு மெழுகுப் பாலிஷை மெல்லிசாக ஒரு பூச்சு. பத்து நிமிடம் கழித்து, நனைத்துப் பிழிந்த பஞ்சில் துளிப் பாலிஷ் எடுத்து, மூக்குப் பகுதியில் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். மெழுகு தோலின் நுண்துளைகளை நிரப்பிச் சமதளமானால்தான் ஒளி திரும்பும். ஆறேழு பூச்சுக்குப் பிறகு முகம் தெரியும். பூட்ஸ் மடங்கும் இடத்தில் மட்டும் தடிமனாகப் பூசாதீர்கள், நடந்ததும் மெழுகு வெடித்து வெள்ளைக் கீறல் விழும். வெயிலில் காயவைத்தால் உழைப்பெல்லாம் உருகிவிடும்.

சுடும் பயிற்சி பிள்ளைகள் அதிகம் எதிர்பார்ப்பது. கிடைப்பது .22 ரைபிள், குப்புறப் படுத்து, 25 கெஜத்தில், ஐந்து தோட்டா. அந்த ஐந்தில் பார்ப்பது நடுப்புள்ளியை அடித்தாயா என்பதை அல்ல, ஐந்தும் எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்பதை. நெருக்கம் வந்துவிட்டால் இடத்தைச் சரிசெய்வது எளிது. மேலும் கீழுமாக நீண்டு விழுந்தால் மூச்சு நிற்கவில்லை என்று அர்த்தம். பாதி மூச்சை விட்டு, நிறுத்தி, ட்ரிகரை அழுத்த வேண்டும். நாலா பக்கமும் சிதறினால் கண் இலக்கைப் பார்க்கிறது, முன் சைட்டை (குழல் முனையில் உள்ள குறிமுள்) பார்க்கவில்லை. முன் சைட் முனை ஒரு மில்லிமீட்டர் விலகினால் 25 கெஜத்தில் தோட்டா மூன்று, நான்கு சென்டிமீட்டர் தள்ளிப் போகும். அதனால் முன் சைட் கூர்மையாகவும் இலக்கு சற்று மங்கலாகவும் தெரிவதுதான் சரி. காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி வாய் எப்போதும் இலக்குப் பக்கம் மட்டுமே இருக்க வேண்டும் என்பதில் பயிற்சி தரும் ஹவில்தார் கத்தினால் கோபப்படாதீர்கள், அந்த ஒரு விதிக்காக அவர் கத்தத்தான் வேண்டும்.

பயிற்சியிலேயே அதிகம் வீணடிக்கப்படும் பாடம் வரைபடம் பார்ப்பது. கரும்பலகையில் நடத்தி முடித்துவிடுகிறார்கள். சேலத்தைச் சுற்றி இத்தனை மலை வைத்துக்கொண்டு இப்படிச் செய்வது பெரிய நஷ்டம். 1:50,000 வரைபடத்தில் 2 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். ஒரு கட்டம் ஒரு கிலோமீட்டர் சதுரம். நான்கு இலக்கம் சொன்னால் கட்டம் தெரியும், ஆறு இலக்கம் சொன்னால் நூறு மீட்டருக்குள் இடம் தெரியும். 20 மீட்டருக்கு ஒரு உயரக்கோடு (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு). ஏற்காடு அடிவாரத்திலிருந்து மேலே ஊர் வரை சுமார் 1,100 மீட்டர் ஏற்றம், அதாவது ஐம்பத்தைந்து கோடுகள். கோடு நெருங்கிய இடம் செங்குத்து, விலகிய இடம் சமம். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏன் அந்தந்த இடத்தில் திரும்புகின்றன என்பதை அந்தக் கோடுகளோடு வைத்துப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் பாடம் புரியும். மணிக்கு 5 கிலோமீட்டர், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி என்பது நடைக் கணக்கு. ஏற்காட்டுக்கு நடந்து ஏறுவதில் ஏற்றத்துக்கு மட்டும் ஒன்றே முக்கால் மணிக்கு மேல் கூட்டிக்கொள்ள வேண்டும். மேலே எஸ்டேட் பக்கம் காட்டெருமை நடமாட்டம் உண்டு, வனத்துறையிடமும் எஸ்டேட்டிலும் சொல்லிவிட்டுத்தான் ட்ரெக்கிங் போக வேண்டும்.

திசைகாட்டியில் சேலத்துக்கே உரிய ஒரு பாடம் இருக்கிறது. கஞ்சமலை இரும்புத் தாது மலை, மேக்னடைட் நிறைந்தது. அங்கே நின்று திசைக் கோணம் எடுத்தால் முள் தாதுப் பக்கம் இழுபடலாம். கைக்கடிகாரம், பெல்ட் கொக்கி, கைபேசி, மின்கம்பி, நிற்கும் ஜீப் எல்லாமும் இழுக்கும். போகும் கோணம், திரும்பிப் பார்க்கும் கோணம் இரண்டையும் எடுத்து, வித்தியாசம் 180 டிகிரி வருகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. வரவில்லையென்றால் இடத்தை மாற்று. இதை கஞ்சமலை அடிவாரத்தில் ஒரு முறை செய்து காட்டும் ஏ.என்.ஓ. கிடைத்தால் பிள்ளை கொடுத்து வைத்தது.

பத்து நாள் கேம்ப் பற்றி பெற்றோருக்கு இரண்டு வார்த்தை. அறிவிப்பு தாமதமாக வரும், உள்தேர்வோடு மோதும். அதனால் மருத்துவச் சான்று, பெற்றோர் ஒப்புதல் கடிதம், போட்டோ நான்கு, இவற்றை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். தட்டு, டம்ளர், போர்வை, கொசுவலை, பூட்டு, வெள்ளை கேன்வாஸ் ஷூ, உள்ளாடை ஆறு செட், ஊசி நூல், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் பத்து. பெண் பிள்ளைகளுக்கு நாப்கின் இரண்டு பாக்கெட் கூடுதலாக, தேதி இல்லாவிட்டாலும். கேம்ப்பில் ஓட்டமும் தூக்கமின்மையும் தேதியை மாற்றிவிடும். கழிப்பறை வரிசைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் கேம்ப்பில் பிள்ளைகள் படுத்துவிட முக்கியக் காரணம். அரை மணி முன்னால் எழுந்தால் வரிசை இருக்காது. அதைச் சொல்லி அனுப்புங்கள்.

பலன்களைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள், சுருக்கமாகப் போகலாம். தமிழ்நாடு காவலர் தேர்வில் சிறப்பு மதிப்பெண் உண்டு. பட்டம், 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' கிரேடு, பட்டத்தில் 50 சதவீதம் இருந்தால் எழுத்துத் தேர்வு இல்லாமல் நேரே எஸ்.எஸ்.பி. (ராணுவ அதிகாரிகளைத் தேர்வு செய்யும் வாரியம்) நேர்காணல் வழியாகச் சென்னை அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்குப் போகும் வழி இருக்கிறது. இதற்காகவாவது 'சி'-யை 'சி' கிரேடில் முடித்துவிடாதீர்கள்.

கடைசியாக, எளிதில் கோட்டைவிடும் ஒன்று: பெயர். நம் ஊரில் முதலெழுத்து முன்னால், கணினிப் படிவத்தில் பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, மதிப்பெண் பட்டியலில் எழுத்து மட்டும், வங்கியில் வேறு மாதிரி. சேர்க்கைப் படிவத்தில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து அப்படியே நிரப்புங்கள். ஆதாரும் வங்கிக் கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் சேரும் வருடமே திருத்துங்கள். கேம்ப் சான்றிதழ் வந்த அன்றே பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, ரெஜிமெண்டல் எண் (கேடட்டின் பதிவு எண்) நான்கையும் சரிபார்த்து இரண்டு நகல் எடுத்து வையுங்கள். தவறிருந்தால் அந்த வாரமே ஏ.என்.ஓ.விடம் எழுத்து மூலம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.